பார்புடா தீவு மக்கள் உல்லாச விடுதித் திட்டங்களை ஏன் எதிர்க்கிறார்கள்? நிலமும் ஒப்புதலும் குறித்து ஓர் ஐயம்

கேள்வி: இளவழுதி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வாசகர் வட்டம் நடத்தும் சிற்றிதழுக்காகக் கரீபியன் கடலில் உள்ள பார்புடா தீவைப் பற்றிக் கட்டுரை ஒன்றை எழுதத் தொடங்கிப் பாதியில் நின்றுவிட்டேன். கிரிக்கெட்டால் நமக்குப் பழக்கமான பார்படோஸ் வேறு, இந்தப் பார்புடா வேறு. ஆன்டிகுவா பார்புடா என்ற நாட்டின் இரண்டு பெரிய தீவுகளில் மக்கள் குறைந்தது இது. ஆன்டிகுவாவுக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வடக்கே, 160 சதுர கிலோமீட்டர் பரப்பில், மேடுபள்ளம் அதிகமில்லாத சுண்ணாம்புப் பாறைத் தீவாகக் கிடக்கிறது. கோட்ரிங்டன் என்ற ஒரே ஊரில்தான் ஏறக்குறைய எல்லோரும் வாழ்கிறார்கள். 2017க்கு முன் அவர்கள் தொகை இரண்டாயிரத்தைத் தாண்டவில்லை.

2017 செப்டம்பர் 6 அன்று இர்மா என்ற 5ஆம் வகைப் புயல் இத்தீவின்மேல் நேராகக் கடந்து, பெரும்பாலான கட்டடங்களைச் சிதைத்துவிட்டது. அடுத்துவந்த ஜோசே புயலுக்கு அஞ்சி, அரசு மக்கள் அனைவரையும் ஆன்டிகுவாவுக்கு அழைத்துச் சென்றது. அதன் பிறகுதான் எனக்குக் குழப்பம் தொடங்குகிறது. வீடிழந்து நிற்கும் மக்களிடையே பீஸ் லவ் அண்ட் ஹேப்பினஸ் என்ற பெயரில் ஒரு முதலீட்டு நிறுவனம் கோல்ஃப் திடலுடன் கூடிய செல்வர் குடியிருப்பை அமைக்கிறது. நடிகர் ராபர்ட் டி நீரோ பங்கேற்கும் வேறொரு விடுதித் திட்டமும் இருக்கிறது. புதிய விமான நிலையமும் வந்துவிட்டது. வேலை கிடைக்கும் என்று அரசு சொல்கிறது. ஆனால் அத்தீவு மக்களில் ஒரு பகுதியினர் நீதிமன்றம் செல்கிறார்கள். இவர்களை "வளர்ச்சியை எதிர்ப்பவர்கள்" என்று முதல் வரைவில் எழுதிவிட்டேன். மறுநாள் படித்தபோது அச்சொல் எனக்கே உறுத்தியது.

தீவின் நிலம் முழுவதும் மக்களுக்குப் பொதுவானது என்று சிலர் எழுதுகிறார்கள், அப்படி ஓர் உரிமையே இல்லை என்று அரசு சொல்கிறது. இவற்றில் எது சரி? விடுதிகளும் உல்லாசப் படகுத்துறைகளும் கடலுக்குச் செய்வதாகச் சொல்லப்படும் தீங்கு உண்மையில் எப்படி நேர்கிறது? வேலைவாய்ப்பை எதிர்பார்த்து இத்திட்டங்களை வரவேற்கும் பார்புடா மக்களைப் பற்றி நான் என்ன எழுதுவது நேர்மையாக இருக்கும்? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


பதில்: செம்பியன்

வணக்கம் இளவழுதி ஐயா. பொதுநலவாய நாடுகளின் நிலச் சட்டங்களைப் பல ஆண்டுகளாகப் படித்து வருபவன் என்ற முறையில் முதல் கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். கட்டுரையை 2017இல் தொடங்காமல் 1685இல் தொடங்குமாறு வேண்டுகிறேன். இல்லையென்றால் இம்மக்களின் கோபம் புயல் நிவாரணத்தைப் பற்றிய சச்சரவுபோலத் தோன்றிவிடும்.

1685 முதல் 1870 வரை கோட்ரிங்டன் குடும்பம் இத்தீவை ஆங்கிலேய முடியரசிடமிருந்து குத்தகைக்கு எடுத்து வைத்திருந்தது. மண் வறண்டது, கரும்புத் தோட்டத்துக்கு ஏற்றதன்று. எனவே ஆன்டிகுவாவில் அக்குடும்பம் நடத்திய கரும்புத் தோட்டங்களுக்கு இறைச்சியும் மரமும் உணவுப்பொருளும் அனுப்பும் பண்ணையாகப் பார்புடா நடத்தப்பட்டது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள் இங்கே கால்நடை மேய்த்தார்கள், மீன் பிடித்தார்கள், மரம் வெட்டினார்கள், பாறையில் மோதி உடைந்த கப்பல்களிலிருந்து சரக்கை மீட்டார்கள். 1834இல் அடிமைமுறை ஒழிந்தபோது, மற்றத் தீவுகளைப் போலத் தனியார் தோட்டங்களாக நிலம் இங்கே துண்டாடப்படவில்லை. விடுதலை பெற்றவர்கள் அதே ஊரில் தங்கி, தீவின் மற்றப் பகுதி முழுவதையும் சேர்ந்தே ஆண்டார்கள். ஊருக்குள் வீடு, வெளியே சில ஆண்டுகளுக்கு ஒரு தோட்டம், அந்த மண் களைத்தால் வேறிடத்தில் இன்னொன்று, மாடுகளுக்கும் ஆடுகளுக்கும் எல்லை வகுக்காத மேய்ச்சல், புதர்க்காட்டில் மான் வேட்டை. நிலத்தை விற்பது என்ற எண்ணமே அந்த வாழ்க்கையில் இடம்பெறவில்லை.

ஆனால் இதே நிலத்தைப் பற்றி அரசின் ஏடுகள் வேறு கதை சொல்லி வந்தன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடியேற்ற ஆட்சி இயற்றிய சட்டம் நிலத்தை முடியரசின் உடைமை என்றும், மக்களைக் குடியிருப்போர் என்றும் வகைப்படுத்தியது. 1981 நவம்பர் 1 அன்று நாடு விடுதலை பெற்றபோதும் இந்த முரண் தீர்க்கப்படாமல் அப்படியே புதிய அரசிடம் வந்தது. அதைத் தீர்க்கும் முயற்சியாகவே 2007இல் பார்புடா நிலச் சட்டம் இயற்றப்பட்டது. நிலம் பார்புடா மக்களுக்குப் பொதுவில் உரியது, அதை விற்க முடியாது, ஒவ்வொரு பார்புடாவாசியும் வீட்டுக்கும் பயிருக்கும் தொழிலுக்கும் இடம் கேட்டுப் பெறலாம் என்று அச்சட்டம் கூறியது. உங்கள் கட்டுரைக்கு மிக முக்கியமான பகுதி அடுத்தது: பெரிய முதலீட்டுத் திட்டம் எதுவாக இருந்தாலும், அதற்குப் பார்புடா மக்களின் பெரும்பான்மை ஒப்புதல் வேண்டும். கருத்துக் கேட்பு அன்று, ஒப்புதல். முடிவு எடுக்கப்பட்ட பிறகு ஒரு கூட்டத்தில் அதை விளக்கிச் சொல்வதற்கும், மக்கள் வேண்டாம் என்று சொன்னால் திட்டமே நிற்பதற்கும் உள்ள தொலைவை நினைத்துப் பாருங்கள்.

அந்த உரிமை எத்தனை காலம் முழுமையாக நீடித்தது என்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். 2015இலேயே டி நீரோவின் பங்காளர்களது திட்டத்துக்கு நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி, 2007ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குப் பொருந்தாது என்று விலக்கு அளித்தது. பிறகு புயல் வந்தது. ஊர் ஆளற்றுக் கிடந்த மாதங்களில் நிலச் சட்டத்தைத் திருத்தும் வேலை தொடங்கியது. வீடுகளுக்குக் கூரை போடப்படாத நிலையில் புதிய விமான ஓடுதளத்துக்காகப் புதர்க்காடு அழிக்கப்பட்டது. 2018இல் 2007ஆம் ஆண்டுச் சட்டம் முழுவதுமாகவே நீக்கப்பட்டு, பார்புடா நிலம் அரசுடைமை நிலச் சட்டத்தின்கீழ்க் கொண்டுவரப்பட்டது.

மக்கள் தொடுத்த வழக்கு இலண்டனில் உள்ள பிரிவி கவுன்சில் வரை சென்றது. இன்றும் அந்நாட்டின் இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றம் அதுதான். 2022இல் அந்நீதிமன்றம், 2007ஆம் ஆண்டுச் சட்டம் அரசமைப்பு பாதுகாக்கும் சொத்துரிமை எதையும் பார்புடா மக்களுக்குத் தந்துவிடவில்லை என்றும், ஆகவே அச்சட்டத்தை நீக்கியது செல்லும் என்றும் தீர்ப்பளித்தது. எனவே இன்றைய சட்டத்தின்படி அரசு சொல்வது நிற்கிறது. அதை மறைக்காமல் எழுதுங்கள். ஆனால் ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுகளாக ஒரு நிலத்தில் யாருடைய சொல் நடந்ததோ, அவர்களுடைய சொல்லைக் கேட்க வேண்டும் என்று நாடாளுமன்றமே ஒருமுறை எழுதிவைத்தது என்பதையும், அவர்கள் ஊரில் இல்லாத காலத்தில் அதை அழிக்கும் வேலை தொடங்கியது என்பதையும் அதே பத்தியில் எழுதுங்கள்.


பதில்: நெய்தற்செல்வி

வணக்கம் ஐயா. கடற்புல் வெளிகளைப் பற்றி ஆய்வு செய்யும் மாணவி நான். செம்பியன் ஐயா நிலத்தைப் பற்றி எழுதிவிட்டதால் நீரைப் பற்றி எழுதுகிறேன்.

நம் வாசகர்களுக்கு "மரீனா" என்றவுடன் சென்னைக் கடற்கரை நினைவுக்கு வரும். இங்கே பேசப்படுவது உல்லாசப் படகுகளைக் கட்டிவைக்கும் துறை. அதன் தீங்கைப் புரிந்துகொள்ள, கட்டி முடிக்கப்பட்ட ஒன்றைவிடக் கட்டாமல் கைவிடப்பட்ட ஒன்று அதிகம் உதவும். செயின்ட் வின்சென்ட் கிரெனடின்ஸ் நாட்டில் யூனியன் தீவு என்றொரு சிறு தீவு இருக்கிறது. அதன் தென்கரையில் ஆஷ்டன் என்ற ஊரை ஒட்டி, வெளிப்புறம் பவளப்பாறைகள் காக்க, உட்புறம் கடற்புல்லும் அலையாத்திக் காடும் நிறைந்த ஒரு காயல். அதைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக 1980களிலேயே அறிவித்திருந்தார்கள். அப்படியிருந்தும் 1994இல் அங்கே 300 படகுகள் நிற்கக்கூடிய துறையையும் கோல்ஃப் திடலையும் கட்ட ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்கு அனுமதி கிடைத்தது. கரைக்கு அப்பால் இருந்த பிரிகேட் தீவை யூனியன் தீவோடு இணைக்கக் கடலுக்குள் கல்லும் மண்ணும் கொட்டிச் சாலை போட்டார்கள். படகுகள் நிற்கவேண்டிய இடங்களில் இரும்புத் தகடுகளை அடித்து இறக்கினார்கள். அடுத்த ஆண்டே அந்நிறுவனம் நொடித்துப்போய் வேலையை விட்டுவிட்டுச் சென்றது.

சாலை மட்டும் கடலில் நின்றது. கரையோரமாக ஓடிக்கொண்டிருந்த நீரோட்டத்தை அது அணைபோல் மறித்தது. உள்ளே தேங்கிய நீரில் ஊட்டப்பொருள்கள் சேர்ந்து பாசி பெருகி நீர் பச்சையானது. வெளிச்சம் கிடைக்காமல் கடற்புல் நலிந்தது. அலையாத்தி மரங்கள் பட்டுப்போயின. சங்கும் சிங்கி இறாலும் குஞ்சுப்பருவத்தைக் கழிக்கும் இடம் என்பதால் மீனவர்களின் வருமானமும் அதோடு சேர்ந்து குறைந்தது. ஏறத்தாழ கால் நூற்றாண்டு இப்படியே கழிந்தது. பிறகு சஸ்டெய்னபிள் கிரெனடின்ஸ் என்ற உள்ளூர் அமைப்பு விடாமல் நிதி திரட்டி, 2018இல் அந்தச் சாலையை இடையிடையே வெட்டித் திறந்து, நீர் ஓட வழிசெய்து, மேலே நடைபாலங்களை அமைத்தது. திறந்த பிறகு காயலின் நீர் தெளிந்துவந்தது. 2024 சூலை 1 அன்று பெரில் புயல் அதே தீவைச் சிதைத்தது வேறொரு துயரம். நான் சொல்லவந்தது, ஓராண்டு மட்டுமே நடந்த கட்டுமானத்தைச் சரிசெய்ய அவ்வூர் மக்களுக்கு அவ்வளவு காலம் ஆனது என்பதே.

வெற்றிகரமாக நடக்கும் துறைகளிலும் இதே காரணங்கள்தாம் வேலை செய்கின்றன, மெதுவாக. பெரிய படகுகள் உள்ளே வர வேண்டுமானால் கடலடியைத் தோண்டி ஆழப்படுத்த வேண்டும். அப்போது கிளம்பும் நுண்மணல் நாட்கணக்கில் நீரில் மிதந்து பவளத்தின்மேலும் புல்லின்மேலும் படிகிறது. கோல்ஃப் திடலின் உரம் மழையோடு இறங்கும்போது, ஊட்டம் குறைந்த தெளிந்த நீருக்குப் பழகிய பவளத்தைப் பாசி மூடுகிறது. பகாமாஸ் நாட்டின் கிரேட் குவானா கே தீவில் பேக்கர்ஸ் பே என்ற குடியிருப்புத் திட்டம், அதன் படகுத்துறை, கோல்ஃப் திடல் ஆகியவற்றை எதிர்த்து அவ்வூர் மக்கள் முன்வைத்த முதன்மையான அச்சம் இதுதான். அவர்கள் வழக்கும் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 2009இல், கலந்தாலோசனை குறைகளோடு நடந்திருந்தாலும் போதுமானதே என்று கூறி நீதிமன்றம் முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. அத்திட்டத்தை அமைத்த டிஸ்கவரி லேண்ட் நிறுவனமே பார்புடாவின் புதிய குடியிருப்பிலும் பங்காளர் என்பதால், பார்புடா மக்கள் குவானா கே கதையைத் தொலைவிலுள்ள செய்தியாகப் பார்ப்பதில்லை.

பார்புடாவுக்கு வருகிறேன். தீவின் மேற்குப் பக்கம் முழுவதும் நீண்டு கிடக்கும் கோட்ரிங்டன் காயல் 2005 முதல், ஈரநிலங்களைக் காக்கும் பன்னாட்டு உடன்பாடான ராம்சார் ஒப்பந்தத்தின்கீழ் அறிவிக்கப்பட்ட ஈரநிலம். அதன் அலையாத்திப் புதர்களில் பிரிகேட் என்னும் கடற்பறவைகள் ஆயிரக்கணக்கில் கூடுகட்டுகின்றன. ஆண்பறவை தன் தொண்டைப்பையைச் சிவந்த பந்துபோல் ஊதிக் காட்டும் அந்தப் பெருங்கூட்டத்தைப் பார்க்க, விடுதிகள் வருவதற்கு முன்பிருந்தே உள்ளூர்ப் படகோட்டிகள் விருந்தினரை அழைத்துச் சென்று வருகிறார்கள். சிங்கி இறால் பிடிப்பும் இக்காயலையும் வெளிப் பாறைகளையும் நம்பியிருக்கிறது. புதிய குடியிருப்பு எழும் பால்மெட்டோ முனை இந்த ஈரநிலப் பகுதியின் தென்கோடியில் உள்ள மணல்வெளி.

இங்கே ஓர் உண்மையை விட்டுவிடக் கூடாது. அந்த முனையின் மணற்குன்றுகள் 1970களிலிருந்தே கட்டுமானத்துக்காக அள்ளி ஏற்றுமதி செய்யப்பட்டன. பார்புடா ஊராட்சி மன்றத்தின் வருவாயில் பெரும்பங்கு அந்த மணலிலிருந்தே வந்தது. குன்றுகள் இல்லாத இடத்தில் புயலலை தடையின்றி உள்ளே வரும், நிலத்தடி நன்னீரில் உப்பேறும். ஆகவே அழிவை வெளியார் மட்டும் கொண்டுவந்தார்கள் என்று எழுதினால் அது தவறாகும். வேறு வருமானம் இல்லாத ஒரு மன்றம் தன் காலடி மணலை விற்கவேண்டி வந்தது ஏன் என்பதையும் ஒரு பத்தியில் சேர்த்தால் கட்டுரை நிறைவு பெறும் என்று நினைக்கிறேன்.


பதில்: முத்தரசு

ஐயா, வணக்கம். கட்டடப் பொறியாளராக 11 ஆண்டுகள் கிழக்குக் கரீபியன் தீவுகளில் வேலை பார்த்தேன். அதில் பெரும்பகுதி விடுதிகளும் படகுத்துறைகளும்தாம். பார்புடாவில் நான் பணியாற்றியதில்லை. உங்கள் மூன்றாவது கேள்விக்கு மற்றவர்கள் பதில் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன்.

வரவேற்கும் மக்களைத் தயவுசெய்து விலைபோனவர்கள் என்று காட்டிவிடாதீர்கள். இரண்டாயிரம் பேர்கூட இல்லாத ஓர் ஊரில் ஊராட்சி மன்றத்தின் சம்பளத்தை விட்டால் மீன்பிடிப்பு, சிறு கடை, படகு ஓட்டுதல் என்று வழிகள் மிகச் சில. பள்ளி முடித்த பிள்ளைகள் ஆன்டிகுவாவுக்கோ இங்கிலாந்துக்கோ நியூயார்க்குக்கோ போய்விடுகிறார்கள். அந்தப் பிள்ளை ஊரிலேயே இருக்க வேண்டும் என்று ஆசைப்படும் தாய் ஒருத்தி, கட்டுமானத் தளத்தில் அவனுக்குக் கிடைத்த வேலையை எப்படி வெறுப்பாள்? புயலுக்குப் பிறகு ஊரைத் தூய்மைப்படுத்தவும் திருத்தவும் யார் கை கொடுத்தாலும் நன்றியோடு ஏற்றுக்கொண்டவர்கள் இருந்தார்கள். ஒரே குடும்பத்தில் அண்ணன் வழக்குத் தொடுப்பவனாகவும் தம்பி தளத்தில் வண்டி ஓட்டுபவனாகவும் இருப்பதை நான் வேறு தீவுகளில் கண்டிருக்கிறேன். இருவரும் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் ஒரே வரிசையில்தான் உட்காருவார்கள்.

ஆனால் அந்த வேலைகளின் தன்மையையும் சொல்ல வேண்டும். கட்டும் காலத்தில் நிறையப் பேர் வேண்டும். அதில் நுட்ப வேலைக்கு எங்களைப் போன்றவர்களை வெளியிலிருந்து கொண்டுவருவார்கள். கட்டி முடிந்தபின் அறை துடைக்கவும் தோட்டம் பார்க்கவும் வாயிலில் நிற்கவும் ஆட்கள் வேண்டும். மேலாளர் பெரும்பாலும் வேற்றூர்க்காரராக இருப்பார். வழக்கமான விடுதியில் தங்குபவர் மாலையில் வெளியே வந்து ஊர்க்கடையில் ஏதேனும் வாங்குவார். வீடுகளை விலைக்கு விற்கும் மூடிய குடியிருப்பில் அதுவும் குறைவு, ஏனெனில் உணவும் படகும் கடற்கரையும் உள்ளேயே இருக்கும். தனி விமானத்தில் வந்து தனிப் படகில் ஏறும் ஒருவர் ஊர்த்தெருவை மிதிக்காமலே விடுமுறையை முடித்துவிடலாம். எனவே வேலை வந்ததா என்பதோடு, எந்த வேலை, எத்தனை ஆண்டுக்கு, யாருக்கு என்பதையும் விசாரித்து எழுதுங்கள்.

என் மனத்தை இன்றும் வருத்தும் ஒன்றைச் சொல்கிறேன். தீவின் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் சொல்லமாட்டேன். இந்தத் தீவுகள் பலவற்றில் கடற்கரை எல்லோருக்கும் பொது என்பதே சட்டம். கரை பொதுவானது, ஆனால் கரைக்குப் போகும் நிலம் தனியாருடையது. சிக்கல் முழுவதும் அந்த இடைவெளியில் இருக்கிறது. நான் வேலை பார்த்த திட்டத்தில், மீனவர்கள் தலைமுறைகளாகப் படகை இழுத்துச் செல்லும் பாதை ஒன்று மனையின் நடுவே போனது. அனுமதி வாங்கும்போது வரைபடத்தில் அதை 3 மீட்டர் அகலத்தில் அப்படியே காட்டினோம். வேலை தொடங்கிய பின் "சிறு மாற்றம்" என்ற பெயரில் அது கழிவுநீர் நிலையத்துக்குப் பின்னால், மனையின் ஓரத்துக்கு நகர்ந்தது. அடுத்து ஒரு வாயிற்கதவு வந்தது. பிறகு கதவருகே ஒரு காவலர், அவர் கையில் வருபவர் பெயரை எழுதும் ஏடு. யாரையும் தடுக்கவில்லை, பெயரை மட்டும் எழுதினார்கள். தன் தந்தை நடந்த பாதையில் பெயர் சொல்லிவிட்டுப் போக ஒரு முதியவர் மறுத்துத் திரும்பிச் சென்றதை நான் நின்று பார்த்தேன். அந்த மாற்றப்பட்ட வரைபடத்தில் என் கையெழுத்தும் இருக்கிறது. அன்று அதை ஒரு சாதாரண அளவு மாற்றமாகத்தான் எண்ணினேன்.

செயின்ட் வின்சென்ட் கிரெனடின்ஸின் கனுவான் தீவில் நிலத்தின் பெரும்பகுதி ஒரே திட்டத்துக்குக் குத்தகையாகப் போனபின், உள்ளூர் மக்கள் கடற்கரைக்குப் போகும் வழிக்காகப் போராட வேண்டியிருந்தது. யமைக்காவிலும் கடற்கரை வழிக்காக இன்று வழக்குகள் நடக்கின்றன. பார்புடா மக்கள் இவற்றையெல்லாம் அறிந்தவர்கள். இன்று பாதை திறந்திருக்கிறது என்ற உறுதிமொழி அவர்களுக்கு ஏன் போதவில்லை என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை.


கேள்வியாளர் மறுமொழி: இளவழுதி

மூவருக்கும் நன்றி. "வளர்ச்சியை எதிர்ப்பவர்கள்" என்ற தொடரை நீக்கிவிட்டேன். முத்தரசு ஐயாவின் அனுபவத்தைப் பெயர் குறிக்காமல் எடுத்துக்கொள்ள இசைவு தருவாரா என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் இன்னும் விளங்கவில்லை. புயலுக்குப் பிறகு அரசு, பார்புடா மக்கள் தாங்கள் குடியிருக்கும் மனையை ஒரே ஒரு டாலர் செலுத்தி முழு உடைமையாகப் பெற்றுக்கொள்ளலாம் என்று அறிவித்ததாகப் படித்தேன். பட்டா இருந்தால் வங்கியில் கடன் வாங்கி வீட்டைக் கட்டிக்கொள்ளலாம் அல்லவா? பொது உரிமையைவிட அது உறுதியானதாகத் தோன்றுகிறதே. பலர் அதை ஏற்க மறுத்தது ஏன்?


பதில்: செம்பியன்

நல்ல கேள்வி. அரசின் வாதமும் இதுதான். அதை முழுமையாக எடுத்துச் சொல்லிவிட்டே மறுப்பைச் சொல்லுங்கள். விற்க முடியாத நிலத்தை வங்கி ஈடாக ஏற்காது என்பது உண்மை. புயலில் வீடிழந்த ஒருவர் கடன் வாங்க முடியாமல் நிவாரணத்துக்காகக் காத்திருக்க வேண்டியிருந்ததும் உண்மை.

மறுத்தவர்கள் கணக்கு வேறு. ஒரு பார்புடாவாசி இன்று வீட்டுமனையை மட்டும் பயன்படுத்துவதில்லை. மேய்ச்சல் வெளி, தோட்டம் போடும் இடம், குகைகளுக்குப் போகும் வழி, வேட்டைக்காடு, மணற்கரை, கிணறுகள் எல்லாவற்றிலும் அவருக்குப் பங்கு இருந்தது. ஒரு டாலருக்கு மனையைப் பெற்றுக்கொண்டால், மனைக்கு வெளியே உள்ளது தமதில்லை என்று அவரே கையெழுத்திட்டதாகிவிடும். 160 சதுர கிலோமீட்டரில் வீடுகள் நிற்கும் சிறு பகுதி போக மற்றதெல்லாம் அரசு யாருக்கும் குத்தகைக்கு விடக்கூடிய நிலமாகிவிடும். கடனைக் கட்ட முடியாமல் போனால் அந்த மனையும் ஏலத்துக்கு வரும். கடற்கரைக் குடியிருப்புகளால் நில விலை ஏறிவிட்ட தீவில் ஏலம் எடுப்பவர் ஊர்க்காரராக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. வெளிநாட்டில் பிழைக்கும் பிள்ளை ஒருநாள் திரும்பிவந்து மனை கேட்டால் கொடுக்க ஊரிடம் நிலம் இருக்காது. இந்த அச்சம் மிகையானது என்று யாரும் சொல்லலாம். நான் அப்படிச் சொல்லமாட்டேன்.

விமான நிலைய வழக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள், முன்பு எழுத மறந்துவிட்டேன். அதன் அனுமதி முறையாக வழங்கப்படவில்லை என்று பார்புடாவின் கடல் உயிரியலாளர் ஜான் மசிங்டனும் இன்னொரு பார்புடாவாசியும் வழக்குத் தொடுத்தார்கள். வழக்குத் தொடரும் தகுதியே இவர்களுக்கு இல்லை என்று கிழக்குக் கரீபியன் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறிவிட்டது. தன் ஊரின் சுற்றுச்சூழலைப் பற்றி அறிந்து, அக்கறையோடு வருபவருக்கு அத்தகுதி உண்டு என்று பிரிவி கவுன்சில் 2024 பிப்ரவரியில் அத்தீர்ப்பை மாற்றியது. மற்றத் தீவுகளில் நடக்கும் வழக்குகளுக்கும் இத்தீர்ப்பு பெருந்துணை. அதே ஆண்டு அக்டோபரில் விமான நிலையம் திறக்கப்பட்டது.


பதில்: முத்தரசு

தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் ஐயா. கையெழுத்து என்னுடையது என்ற வரியை மட்டும் நீக்காமல் வெளியிடுங்கள்.


பதில்: நெய்தற்செல்வி

கட்டுரையோடு வரைபடம் போடுவதாக இருந்தால் ஒரு சிறு எச்சரிக்கை, ஐயா. பழைய வரைபடங்களில் கோட்ரிங்டன் காயலுக்கும் மேற்குக் கடலுக்கும் நடுவே ஒடுங்கிய மணல்திட்டு ஒன்று அறுபடாத கோடாகச் செல்லும். இர்மா அந்தத் திட்டை உடைத்துக் காயலுக்குள் கடலைத் திறந்துவிட்டது. எனவே 2017க்குப் பிந்தைய செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வரையுங்கள். பால்மெட்டோ முனையையும் அதில் குறித்தால், குடியிருப்பு எழும் மணல்வெளியும் உடைந்த மணல்திட்டும் ஒரே கரையின் பகுதிகள் என்பது வாசகருக்குத் தானே தெரியும்.